விந்தணுத் தேர்வு முறைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் விந்தில் ஸ்விம்-அப் (நீந்தி மேலே வரும் விந்தணுக்களை எடுப்பது), இன்னொருவர் விந்தில் டென்சிட்டி கிரேடியன்ட் (அடர்த்தி வேறுபட்ட திரவ அடுக்குகளின் மேல் விந்தை விட்டு, சுழற்றிப் பிரிப்பது) என்று செய்து பார்த்துவிட்டு முறைகளை எடைபோடாதீர்கள். அதில் தெரிவது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுதான். ஒரே விந்து மாதிரி இளகியதும் மெதுவாகக் கலக்கி, இரண்டு பங்காக்கி, ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

அசையும் விந்தணுக்களின் சதவீதத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. ஸ்விம்-அப் முறையில் 1 மி.லி. விந்தின் மேல் 1.2 மி.லி. மீடியம் (விந்தணுக்களுக்கான ஊட்டத் திரவம்) விட்டு, குழாயை 45 பாகை சாய்த்து, 37 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைக்கிறோம். மேலே நீந்தி வருபவை மட்டுமே கைக்கு வருவதால் சதவீதம் அழகாகத்தான் இருக்கும். கிடைத்த மொத்த எண்ணிக்கையையும் எழுதுங்கள். 95 சதவீதம் அசையும் 10 லட்சம் விந்தணுக்கள், ஒரே விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸிக்குத் தாராளம். விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐக்கு, 85 சதவீதமே அசைந்தாலும், கிரேடியன்ட் தரும் 80 லட்சம்தான் உதவும். எண்ணிக்கையும் அசைவும் குறைந்த விந்துக்கு கிரேடியன்ட்தான் பொருத்தம்.

கிரேடியன்ட் சரியில்லை என்று முடிவு கட்டும் முன் சென்ட்ரிஃபியூஜை (குழாய்களை வேகமாகச் சுழற்றும் கருவி) பாருங்கள். தேவை 300 முதல் 400 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு விசை). பலர் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணை மட்டும் பக்கத்து ஆய்வகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ரோட்டர் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) ஆரம் 16 செ.மீ. என்றால் 1,300 சுற்றில் சுமார் 300 ஜி கிடைக்கும். ஆரம் 10 செ.மீ. ஆனால் அதே 1,300 சுற்று 190 ஜிகூடத் தராது. நல்ல விந்தணுக்கள் அடியில் படியாமல் நடுவிலேயே தங்கிவிடும். குற்றம் முறையுடையது அல்ல.

சுழற்றி முடித்ததும் பிப்பெட்டை நேராக அடிவரை இறக்குவதும் கெடுதல். மேலே நிற்கும் விந்துத் திரவம் பிப்பெட் முனையில் ஒட்டி வண்டலில் கலக்கும். மேலடுக்கிலிருந்து படிப்படியாக உறிஞ்சி நீக்குங்கள். வண்டலை எடுக்கப் புதிய பிப்பெட் வேண்டும். கழுவாத விந்தை அப்படியே சுழற்றி வண்டலாக்கவே கூடாது. வெள்ளணுக்களும் சிதைந்த விந்தணுக்களும் நல்லவற்றோடு நெருக்கி அடைபட்டு, அவை வெளியிடும் வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் டிஎன்ஏவைத் தாக்கும்.

பிக்ஸி (ஹையலுரோனன் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுத்து இக்ஸி செய்வது) போன்ற கூடுதல் முறைகளில் கருவுற்ற முட்டைகளின் எண்ணிக்கையை வைத்து வெற்றி என்று சொல்லிவிடாதீர்கள். தம்பதிக்கு வேண்டியது குழந்தை. பிரிட்டனில் 2,752 தம்பதிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஹேப்செலக்ட் ஆய்வில், உயிருடன் குழந்தை பிறந்தது பிக்ஸியில் 27.4, வழக்கமான இக்ஸியில் 25.2 சதவீதம். புள்ளியியல்படி இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. கூடுதல் கட்டணம் கேட்கும்போதே இந்த எண்களையும் தம்பதியிடம் சொல்லிவிடுவதுதான் முறை.

விரையிலிருந்து நேரடியாக எடுத்த விந்தணுக்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் முதிராதவை; ஹையலுரோனனில் ஒட்டுவதும் இல்லை, நீந்தி மேலே வருவதும் இல்லை.