பாண்டாஸ் அட்டவணையை அப்படியே வலைப்பக்கத்தில் ஏற்றுவதற்கு முன்

பைத்தானில் இருக்கும் தரவை வலைப்பக்கத்தில் அட்டவணையாகக் காட்ட வேண்டும் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாண்டாஸ் நூலகத்தின் டூ_எச்டிஎம்எல் என்னும் கட்டளைதான். சிஎஸ்வி கோப்பைப் படிக்க ஒரு வரி, அட்டவணையாக்க இன்னொரு வரி. ஆனால் இந்த இரண்டு வரிகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சத்தம் போடாது. பிழைச்செய்தி வராது, பக்கமும் ஒழுங்காகத் திறக்கும். உள்ளே கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், பாதி முகவரி காணாமல் போயிருக்கும்.

காரணம் எளிது. 2008இல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கிய பாண்டாஸ், தரவை அலசுகிறவருக்கான நூலகம். டேட்டாஃப்ரேமை, அதாவது பாண்டாஸ் தரவை வைத்திருக்கும் அட்டவணையை, திரையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள ஏதுவாக அதில் 'டிஸ்ப்ளே' என்று தொடங்கும் அமைப்புகள் பல உண்டு. டூ_எச்டிஎம்எல் அவற்றில் சிலவற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நிரல் எழுதுபவர் ஓரக்கண்ணால் பார்க்கப் போதுமானது, உறுப்பினர் பட்டியலில் தன் பெயரைத் தேடி வருகிறவருக்குப் போதாது.

ஐம்பதில் விழும் வெட்டு

அந்த அமைப்புகளில் அதிகம் கெடுதல் செய்வது 'டிஸ்ப்ளே.மேக்ஸ்_கோல்விட்த்'. சொல்லாமல் விட்டால் அதன் மதிப்பு 50. ஒரு கட்டத்தில் இருக்கும் உரை அதைத் தாண்டினால் முதல் 46 அல்லது 47 குறிகளை வைத்துக்கொண்டு, மீதியை எறிந்துவிட்டு மூன்று புள்ளி வைக்கும். திரையில் மறைப்பது மட்டுமல்ல, எழுதப்படும் எச்டிஎம்எல்லிலேயே மீதி இருக்காது. அதனால் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸை எவ்வளவு மாற்றினாலும் திரும்ப வராது.

தமிழில் இது இரட்டை அடி. பைத்தான் எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறிகளை. 'திருச்சிராப்பள்ளி' நமக்கு 9 எழுத்து, பைத்தானுக்கு 17. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுகின்றன. மூன்று திருச்சிராப்பள்ளிக்குக்கூட இடம் இல்லாத கட்டத்தில் முழு முகவரி எப்படி நிற்கும்? வெட்டும் எழுத்தின் எல்லை பார்த்து விழாது. 'வீதி' என்பது 'வீத' என்று நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி போய் உயிர்மெய்யாகிவிடும். தட்டச்சுப் பிழை என்று நினைத்து மூலக்கோப்பைத் திருத்தப் போனால் அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும்.

தீர்வு, அந்த மதிப்பை 'நன்' என்று, அதாவது பைத்தானில் 'எதுவுமில்லை' என்பதற்கான சொல்லாக வைப்பது, வரம்பே இருக்காது. நிரல் முழுவதற்கும் மாற்ற விருப்பம் இல்லையென்றால் ஆப்ஷன்_கான்டெக்ஸ்ட் என்பதை வித் தொகுதியில் வைத்து, அட்டவணை எழுதும் அந்த ஒரு வரிக்கு மட்டும் மாற்றலாம். பழைய பாடங்களில் மைனஸ் 1 கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். 1.0 பதிப்பிலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

படிக்கும்போதே கெட்டுப்போவது

அட்டவணையில் தெரியும் தவறுகளில் பாதி, அட்டவணை எழுதும் இடத்தில் பிறப்பதில்லை. சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் ரீட்_சிஎஸ்வி ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா எழுத்தா என்று தானாக ஊகிக்கிறது. அந்த ஊகத்தில்தான் வினை.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தவணை எண்ணிக்கை நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், முழு நெடுவரிசையும் தசம எண்ணாக மாறி 12 என்பது 12.0 ஆகிவிடும். இது கண்ணை உறுத்துவதோடு சரி. நெடுவரிசையின் வகையை 'இன்ட்64' என்று, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்துக் கொடுத்தால் காலிக் கட்டத்தோடு முழு எண்ணாகவே நிற்கும்.

வங்கிக் கணக்கு எண்ணில் நடப்பது அவ்வளவு சாது அல்ல. முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்கள் போய்விடும் என்பது பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, காலிக் கட்டம் ஒன்று இருந்து நெடுவரிசை தசம வகைக்கு மாறினால் நீளமான எண்ணின் கடைசி இலக்கமே மாறிப்போகும் என்பது. அந்த வகையால் 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்க முடியும். அதற்கு மேலே இரண்டுக்கு ஒன்றாகத் தாவும். 9123456789012345 என்ற 16 இலக்கக் கணக்கு எண் 9123456789012344 ஆகிவிடும். அட்டவணையில் முதலில் அது அடுக்குக்குறி வடிவில் வரும். பார்ப்பவர் 'வடிவம்தான் சரியில்லை' என்று எண்ணி ஃப்ளோட்_ஃபார்மட் கொடுத்து முழு எண்ணாக நீட்டுவார். நீட்டிய எண் கச்சிதமாகத் தெரியும், ஆனால் வேறொருவருடைய எண்ணாக இருக்கும். கணக்கு எண், தொலைபேசி எண், ஆதார் எண் இவற்றையெல்லாம் யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. படிக்கும்போதே டிடைப்பில், அதாவது நெடுவரிசையின் வகையைச் சொல்லும் இடத்தில், 'எஸ்டிஆர்' என்று கொடுத்து எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை, நம் ஊர் முன்னெழுத்துகளில் வருவது. ஆங்கிலத்தில் முன்னெழுத்து 'என்', 'ஏ' என்று இருப்பவர், புள்ளி வைக்காமல் 'என்ஏ' என்று சேர்த்து எழுதினால் அதைப் 'பதில் இல்லை' என்று பாண்டாஸ் புரிந்துகொள்ளும். அவருடைய முன்னெழுத்துக் கட்டத்தில் 'நான்' என்று வரும், அதாவது எண்ணே இல்லை என்பதற்கான குறி. கீப்_டிஃபால்ட்_என்ஏ என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்து, வெற்றுக் கட்டத்தை மட்டும் காலியாகக் கொள்ளச் சொன்னால் அவர் தப்பிப்பார். காலிக் கட்டத்தைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது என்பதற்கு என்ஏ_ரெப் இருக்கிறது. ஒரு சிறு கோடு போதும். காலியிடத்தை எல்லாம் பூஜ்ஜியத்தால் நிரப்புவது மட்டும் வேண்டாம். பணம் கட்டாதவரும் விவரம் வராதவரும் ஒன்றல்ல.

தேதியும் இதே ரகம். தேதியாகப் படிக்கச் சொன்னால் 03-04-2024 என்பதை மாதம் முதலில் என்று கொண்டு மார்ச் 4 ஆக்கிவிடும். 2023இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம்: அதே நெடுவரிசையில் 13-04-2024 மட்டும் சரியாக ஏப்ரல் 13 ஆகும். வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

எஸ்கேப்பை அணைப்பவர்கள்

டூ_எச்டிஎம்எல் இயல்பாகவே கோணக்குறிகளையும் 'அண்ட்' குறியையும் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றித்தான் எழுதும். இதற்குத்தான் எஸ்கேப் என்று பெயர். நல்ல இயல்பு. ஆனால் ஒரு நெடுவரிசையில் இணைப்பு கொடுக்க ஆசைப்பட்டதும் அது இடைஞ்சலாகத் தெரியும், ஏனென்றால் இணைப்பு வேலை செய்யாமல் அதன் டேக், அதாவது கோணக்குறிக்குள் எழுதும் எச்டிஎம்எல் கட்டளை, எழுத்தாகத் தெரியும். தேடினால் முதலில் கிடைக்கும் பதில் 'எஸ்கேப் ஃபால்ஸ்'. வைத்ததும் இணைப்பு வந்துவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அணைத்தது அந்த ஒரு நெடுவரிசைக்கு அல்ல, அட்டவணை முழுவதற்கும். பெயர், முகவரி, 'உங்கள் கருத்து' எல்லாம் யாரோ ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பியவை. கருத்துக் கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் டேக் எழுதி அனுப்பினால், பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் உலாவியிலும் அது ஓடும். நிர்வாகி உள்நுழைந்த நிலையில் திறந்தால் அவருடைய உரிமையோடு ஓடும். இதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை: ஒருவர் மூடாத கோணக்குறி ஒன்றைப் போட்டாலே அதற்குப் பிறகு வரும் வரிசைகள் குலைந்துபோகலாம். போதாக்குறைக்கு அந்த ஐம்பது வரம்பு இங்கேயும் வரும். இணைப்பு டேக் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டும், நடுவில் வெட்டுப்பட்டு மூடாத டேக்காக நிற்கும்.

கட்டத்தில் வெறும் வலைமுகவரிதான் இருக்கிறது என்றால் ரெண்டர்_லிங்க்ஸ் போதும், எஸ்கேப்பைத் தொடவே வேண்டாம். இணைப்புக்குத் தனிச்சொல் வேண்டுமென்றால் மற்ற எல்லா நெடுவரிசைகளையும் பைத்தானின் எச்டிஎம்எல்.எஸ்கேப் வழியாக முதலில் அனுப்பிவிட்டு, இணைப்பு நெடுவரிசையைக் கையால் கட்ட வேண்டும். வண்ணம் பூச பாண்டாஸின் இன்னொரு கருவியான ஸ்டைலருக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இயல்பு தலைகீழ். ஸ்டைலர் தானாக எதையும் மாற்றி எழுதாது. ஃபார்மட்டில் எஸ்கேப் என்பதற்கு 'எச்டிஎம்எல்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒரே நூலகத்துக்குள் இப்படி இரண்டு வழக்கம் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் இருப்பது இதுதான்.

பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஃப்ளாஸ்க்கில், அதன் வார்ப்புரு நூலகமான ஜின்ஜாவில் அட்டவணையை 'சேஃப்' என்று குறித்தால்தான் டேக் டேக்காக வேலை செய்யும். அந்தச் சொல்லை எழுதும்போது பாதுகாப்புக்கு உத்தரவாதம் கொடுப்பது ஜின்ஜா அல்ல, நீங்கள்.

அகரவரிசையில் ன எங்கே?

பாண்டாஸில் வரிசைப்படுத்தும் சார்ட்_வேல்யூஸ் தமிழ்ப் பெயர்களை யூனிகோடு எண்ணின் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் அகரவரிசையில் அதற்குக் கடைசி இடம். எனவே பாண்டாஸ் தரும் பட்டியலில் மன்னார்குடி முன்னாலும் மயிலாடுதுறை பின்னாலும் வரும்; சென்னை முன்னால், செய்யாறு பின்னால். இரண்டுமே தவறு. புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருவதால் இன்னொரு குழப்பம்: 'ம்' வருவது 'மை'க்குப் பின்னால். அமைந்தகரைக்கு அடுத்துத்தான் அம்பத்தூர் வரும், அகராதியில் தேடிப் பழகியவர் மேலே தேடி ஏமாறுவார்.

பைஐசியு நூலகத்தில் தமிழுக்கான கொலேட்டரை, அதாவது அகரவரிசை அறிந்த கருவியை எடுத்து, அது தரும் வரிசைத் திறவுகோலை சார்ட்_வேல்யூஸின் 'கீ' இடத்தில் கொடுத்தால் சரியாகிவிடும். உலாவியில் செய்வதானால் ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல்.கொலேட்டருக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்தால் போதும்.

உலாவியிலேயே அட்டவணையை அடுக்கவும் தேடவும் உதவும் டேட்டாடேபிள்ஸ் போன்ற நூலகத்தை மேலே பொருத்தினால் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள்-மாதம்-ஆண்டு வடிவத்தை நாமாக அறிவிக்காவிட்டால் வெறும் எழுத்தாகவே அடுக்கும், எல்லா ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும். குரூப்பை மூலம் வரிசைகளைக் குழுவாக்கிய அட்டவணையில் ஒரே மதிப்பைப் பல வரிசைக்கு நீட்டி ஒரே கட்டமாக்கும் வழக்கம் பாண்டாஸுக்கு உண்டு. அந்த நூலகத்துக்கு அது ஆகாது; ரீசெட்_இன்டெக்ஸ் செய்து அவற்றைச் சாதாரண நெடுவரிசைகளாக்கிவிட்டு அனுப்புங்கள்.

சில்லறை

பைத்தானின் காற்புள்ளி வடிவம் 1,234,567 என்று மூன்று மூன்றாகப் பிரிக்கும். லட்சக் கணக்கில் 12,34,567 வேண்டுமென்றால் பேபல் நூலகத்தில் இந்திய வட்டாரத்தைக் கொடுக்க வேண்டும். இந்த மாற்றத்தை அட்டவணை எழுதுவதற்குச் சற்று முன்பு, கடைசி வேலையாகச் செய்யுங்கள். எண் எழுத்தாகிவிட்டால் பிறகு கூட்டவும் வராது, அடுக்கவும் வராது.

இடது ஓரத்தில் 0, 1, 2 என்று வரும் நெடுவரிசை வாசகருக்கு எதற்கும் உதவாது, அதையே வரிசை எண் என்று நினைத்துவிடுவார். இன்டெக்ஸுக்கு ஃபால்ஸ் கொடுத்து அதை எடுத்துவிடுங்கள்.

டூ_எச்டிஎம்எல் தருவது முழுப் பக்கம் அல்ல, டேபிள் டேக்கிலிருந்து தொடங்கும் துண்டு. அதை அப்படியே கோப்பாகச் சேமித்து உலாவியில் திறந்தால் யூடிஎஃப்-8 என்று சொல்ல ஆளில்லாமல் தமிழ் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக வரலாம். தலைப்பகுதியில் மெட்டா வரி வைத்த ஒரு பக்கத்துக்குள் செருகுங்கள். விண்டோஸில் ஓப்பன் மூலம் கோப்பு எழுதினால் அங்கேயும் என்கோடிங்கைச் சொல்லிவிடுங்கள்.

திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்குத் தேவையான அட்டவணைத் தலைப்பையும், தலைக்கட்டம் எந்தத் திசைக்கு உரியது என்னும் 'ஸ்கோப்' பண்பையும் இது எழுதித் தராது. பொதுமக்களுக்குப் போகும் பக்கம் என்றால் நான் டூ_எச்டிஎம்எல்லை விட்டுவிட்டு, டேட்டாஃப்ரேமை டிக்ஷனரிப் பட்டியலாக்கி ஃப்ளாஸ்க்கின் ஜின்ஜா எச்டிஎம்எல் வார்ப்புருவில் ஒரு ஃபார் சுழற்சி எழுதுவதையே தேர்ந்தெடுப்பேன். இருபது வரி கூடும். எஸ்கேப் தானாக நடக்கும், இணைப்பு வேண்டிய கட்டத்தில் மட்டும் இணைப்பு, ஐம்பது வரம்பும் கிடையாது. அலுவலகத்துக்குள் நாலு பேர் பார்க்கும் அறிக்கைக்கு டூ_எச்டிஎம்எல் தாராளமாகப் போதும்.