ஆட்டோகேட் சான்றிதழ்த் தேர்வு: பழுதான கேள்விகளைத் திருத்துவது எப்படி

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் 8 வருஷமாக டிராயிங் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், நான் பாடம் எடுத்த மையத்தின் ஆட்டோகேட் (கணினியில் டிராயிங் போடும் மென்பொருள்) சான்றிதழ்த் தேர்வில் 2 மதிப்பெண்ணில் தோற்றார். 50 கேள்வி, தேற 35 வேண்டும், அவருக்கு 33. அதே நாளில், கோர்ஸ் முடித்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பையன் பழைய கேள்வித்தாளை மனப்பாடம் செய்து வந்து நல்லபடியாகத் தேறினான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பெண் போட்ட காஸ்டிங் டிராயிங்குகளை நான் பார்த்திருக்கிறேன். பட்டறையில் யாரும் ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் அதை வைத்து வார்ப்புக்கான மாதிரியை (பேட்டர்ன்) செய்துவிடுவார்கள். அன்று ராத்திரி அவருடைய விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தப்பு என்று விழுந்திருந்த 17 கேள்விகளில் மூன்றில் அவர் சொன்னது சரி. பழுது கேள்வியில் இருந்தது.

அதன்பிறகு அந்தக் கேள்வி வங்கியை முழுதாகத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. அதில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆட்டோகேட் எனக்குத் தெரிந்த மென்பொருள் என்பதால் உதாரணம் எல்லாம் அதிலிருந்தே வரும். ஃபோட்டோஷாப், சாலிட்வொர்க்ஸ் என்று எதற்குத் தேர்வு வைத்தாலும் வேலை இதேதான்.

முதலில், கேள்வித்தாளைக் கையில் எடுத்து வாசிக்க உட்காராதீர்கள். கேள்வி எழுதியவருக்கு அவருடைய கேள்வி எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். விடைகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு எக்ஸெல் தாளில் ஆளுக்கு ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு பத்தி, சரி என்றால் 1, தப்பு என்றால் 0. அவர்கள் எந்த ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இன்னொரு தாளில் வையுங்கள். அது பின்னால் கட்டாயம் வேண்டும்.

இதிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு எண் எடுக்க வேண்டும். ஒன்று, நூற்றுக்கு எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பது. இன்னொன்றுதான் முக்கியம்: நன்றாகத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்பது. மொத்த மதிப்பெண் வரிசைப்படி ஆட்களை அடுக்கி, மேலே 27 சதவீதத்தையும் கீழே 27 சதவீதத்தையும் தனியாக எடுங்கள். இந்த 27 என்ற கணக்கு அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939-ல் சொன்னது, இன்றைக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். 100 பேர் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல் 27 பேரில் 22 பேரும் கீழ் 27 பேரில் 9 பேரும் ஒரு கேள்வியைச் சரியாகச் சொன்னால், 22-லிருந்து 9-ஐக் கழித்து 27-ஆல் வகுக்க 0.48 வரும். அது நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே வந்தால் அந்தக் கேள்வியைத் திறந்து பார்க்க வேண்டும். மைனஸில் வந்தால் அன்றைக்கே திறக்க வேண்டும்.

உங்களிடம் 30 பேர் விடைதான் இருக்கிறது என்றால் இந்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எங்கே தோண்டிப் பார்ப்பது என்று அது காட்டும், அவ்வளவுதான். அதேபோல நூற்றுக்கு 98 பேர் சரியாகச் சொன்ன கேள்வியை, பிரித்துக் காட்டவில்லை என்பதற்காக மட்டும் தூக்கிவிட வேண்டாம். சில அடிப்படை விஷயம் எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

சரி, மைனஸில் வந்த கேள்வி எப்படி இருக்கும்? கோட்டின் வேண்டாத துண்டை வெட்டும் ட்ரிம் கட்டளையைப் பற்றி எங்கள் வங்கியில் இருந்தது இது: “ட்ரிம் கட்டளை கொடுத்ததும் முதலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?” விடைக்குறிப்பில் இருந்த விடை, வெட்டும் எல்லைக் கோடு. பழைய ஆட்டோகேடில் அப்படித்தான். எல்லையைக் காட்டி, என்டர் அடித்து, பிறகு வெட்ட வேண்டிய கோட்டைத் தொடுவோம். ஆட்டோகேட் 2021-ல் ட்ரிம்முக்கு ‘குவிக்’ என்ற முறையை இயல்பாக வைத்துவிட்டார்கள். அதில் டிராயிங்கில் உள்ள எல்லாமே எல்லைதான். கட்டளை கொடுத்ததும் நேராகப் போய் வேண்டாத துண்டைத் தொட வேண்டியதுதான். தினமும் புதிய பதிப்பில் வேலை செய்கிறவர் “வெட்ட வேண்டிய கோடு” என்றுதான் சொல்வார். அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னார். பழைய தாளை மனப்பாடம் செய்தவர் “எல்லைக் கோடு” என்று எழுதி மதிப்பெண் வாங்கினார். கையில் வேலை உள்ளவரைத் தள்ளிவிட்டு, தாளைப் படித்தவரை ஏற்றிவிடுகிற கேள்வி அது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட்’ என்ற மாறியை 0 ஆக வைத்தால் புதிய பதிப்பிலும் பழைய முறை திரும்ப வந்துவிடும். ஆக, எந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. விடைக்குறிப்பை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

நாங்கள் மாற்றியது இப்படி. 50 ஆரமுள்ள ஒரு வட்டம், அதன் மையம் வழியாக இரண்டு பக்கமும் வெளியே நீளும் 160 நீளக் கோடு, இவை உள்ள ஃபைலைக் கொடுத்தோம். “வட்டத்துக்குள் இருக்கும் பகுதியை ட்ரிம் செய்யுங்கள். மீதமுள்ள கோடுகளின் மொத்த நீளம் என்ன?” விடை 60. எந்தப் பதிப்பில், எந்த முறையில் செய்தாலும் 60. கட்டளையின் படிகளைக் கேட்காமல் வேலையின் பலனைக் கேட்டால் கேள்விக்கு ஆயுள் கூடும்.

பழுதான கேள்வி ஒவ்வொன்றிலும் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க அந்த இரண்டாவது தாள் உதவும். மேல் 27 பேர் தப்பான ஆப்ஷன் ஒன்றில் கூட்டமாக விழுந்திருக்கிறார்களா? அப்படியென்றால் விடைக்குறிப்பு தப்பு, அல்லது இரண்டு விடை சரி. நாலு ஆப்ஷனிலும் சிதறியிருக்கிறார்களா? வாக்கியம் புரியவில்லை, அல்லது யாரும் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. இரண்டு விடை சரியாகிற வகையில்தான் அந்தப் பெண்ணின் அடுத்த கேள்வி இருந்தது: பிளாக்கின் (ஒருமுறை வரைந்து பல இடங்களில் செருகும் படத்தின்) நிறம் அதைச் செருகும் இடத்துக்கு ஏற்ப மாற வேண்டுமானால் எப்படி வரைய வேண்டும்? குறிப்பில் “0 லேயரில்” என்று இருந்தது (லேயர் என்பது டிராயிங்கைப் பிரித்து வைக்கும் அடுக்கு). அவர் “நிறத்தைப் பைபிளாக் என்று வைத்து” என்று சொல்லியிருந்தார். 0 லேயரில் நிறம் பைலேயராக (லேயரின் நிறமே வரும்படி) வைத்து வரைந்தால், செருகும் லேயரின் நிறத்தை எடுக்கும். பைபிளாக் என்றால், செருகிய பிளாக்குக்கு நாம் கொடுக்கும் நிறத்தை எடுக்கும். “இடத்துக்கு ஏற்ப” என்ற சொல்லுக்குள் இரண்டும் அடங்கும். “செருகும் லேயரின் நிறத்தை எடுக்க” என்று திருத்தி, பைலேயர் என்ற நிபந்தனையையும் சேர்த்தபிறகுதான் கேள்வி நேரானது.

மூன்றாவது கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். 120-க்கு 80 ஒரு தகடு. நான்கு மூலையிலும் 10 ஆரத்தில் ஃபில்லெட் (மூலையை வளைவாக்குவது), நடுவில் 30 விட்டமுள்ள துளை. பரப்பளவு என்ன? 8807.30 என்று குறிப்பில் இருந்தது. அவர் 8807.301 என்று டைப் செய்திருந்தார். இயந்திரம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பு என்றது. யூனிட்ஸ் என்ற அமைப்பில் தசம இடத்தை மாற்றினால் திரையில் காட்டுவது மட்டும்தான் மாறும், டிராயிங் மாறாது. எனவே ஒருவருக்கு 8807.3, இன்னொருவருக்கு 8807.3009 என்று வருவது இயல்பு. ஒரு எல்லை கொடுங்கள்: 8807.2 முதல் 8807.4 வரை எது எழுதினாலும் சரி. ஆயிரத்துக்குப் பக்கத்தில் கமா போட்டாலும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதையே ஆப்ஷன் கொடுத்துக் கேட்க வேண்டுமானால், தப்பான ஆப்ஷன்களைக் கற்பனையில் எழுதாதீர்கள். நிஜமாகச் செய்கிற தப்பிலிருந்து எடுங்கள். விட்டத்தை ஆரம் என்று எடுத்துத் துளை போட்டால் 6686.73. ஃபில்லெட்டை மறந்தால் 8893.14. துளையைக் கழிக்க மறந்தால் 9514.16. ஃபில்லெட்டுக்குப் பதில் 10-க்கு 10 சாம்ஃபர் (மூலையைச் சாய்வாக வெட்டுவது) அடித்தால் 8693.14. இப்படி எழுதிய கேள்வி, ஒருவர் தோற்றால் எங்கே தோற்றார் என்பதையும் சொல்லிவிடும். வகுப்பில் அந்த இடத்தை இன்னொரு முறை நடத்தலாம். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான்.

வரைந்து விடை சொல்லும் கேள்வி எதையும், விடை தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனிக் கணினியில் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இரண்டு பேர் விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு அளவு விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரு வளைவு தொட்டுச் செல்கிறதா வெட்டிச் செல்கிறதா என்று டிராயிங்கில் தெரியாது. டெம்ப்ளேட்டையும் (அலகு முதலியவை முன்பே அமைத்த வெற்று ஃபைல்) நீங்களே கொடுத்துவிடுங்கள். மில்லிமீட்டரில் உள்ள பிளாக்கை இன்ச் டிராயிங்கில் செருகினால் 25.4 மடங்கு சுருங்கும். வரைந்தவர் மேல் ஒரு தப்பும் இல்லாமலே விடை எங்கேயோ போய்விடும்.

சில கேள்விகளைத் திருத்தவே வேண்டாம், தூக்கிவிடலாம். “இந்தக் கட்டளை எந்தப் பேனலில் இருக்கிறது” என்பது அதில் முதல். பேனல்களை அடுக்கி வைக்கும் ரிப்பன் என்ற மேல்பட்டை வந்ததே 2009 பதிப்பில்தான். இன்றும் கட்டளையை டைப் செய்தே வரைகிறவர்கள் ஏராளம், பேனலையும் அவரவர் விருப்பப்படி மாற்றி அடுக்கலாம். “ஆர்த்தோவுக்கு எந்த எஃப் விசை” என்பதும் அப்படித்தான் (கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போகச் செய்வது ஆர்த்தோ). கீழே பட்டனை மவுஸால் தொடுகிறவர் வேலையில் என்ன குறைந்துவிட்டார்? மிச்சம் வைக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், எந்தப் பதிப்பில் சரிபார்த்தது, என்றைக்கு, யார் என்று எழுதி வையுங்கள். புதுப் பதிப்பு வந்ததும் எதையெல்லாம் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பத்தியைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் மொழி. எங்களிடம் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்துவிட்டு பாலிடெக்னிக் போனவர்கள். ஆங்கிலத்தில் மூன்று வரி நீளும் கேள்வியில், ‘கீழ்க்கண்டவற்றுள் எது பொருந்தாதது அல்ல’ என்கிற மாதிரி இரட்டை மறுப்பு வந்தால் அது ஆட்டோகேட் தேர்வாக இருக்காது. நான் செய்வது இது: தெரிந்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவருக்கு போன் போட்டுக் கேள்வியை ஒரே ஒரு முறை வாசிப்பேன். “ஏனுங்க சார், என்ன கேக்கறீங்கன்னே புரியலீங்களே” என்றால் திரும்ப எழுதுவேன். தமிழிலும் கேள்வி கொடுப்பதாக இருந்தால் ஆஃப்செட், ஃபில்லெட், லேயர் எல்லாவற்றையும் அப்படியே விடுங்கள். திரையில் இல்லாத ஒரு தமிழ்ச்சொல்லைத் தேர்வு அறையில் முதல்முறை பார்த்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

கேள்விகளைத் திருத்தியபிறகு 35 என்ற தேர்ச்சி மதிப்பெண்ணையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கள் மையத்தில் யாருக்கும் பதில் இல்லை. நூற்றுக்கு 70 என்ற பழக்கம்தான். தேர்வு ஆய்வாளர் வில்லியம் ஆங்காஃப் 1971-ல் எழுதிய முறை ஒன்று இருக்கிறது. டிராயிங் ஆபீஸில் தனியாக உட்கார வைக்கலாம், ஆனால் அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிற அளவில் இருக்கும் ஒருவரை மனதில் வையுங்கள். அப்படி 100 பேர் இருந்தால் இந்தக் கேள்வியை எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? ஒவ்வொரு நடுவரும் கேள்வி கேள்வியாக எண் போட வேண்டும். சராசரி எடுத்து, எல்லாக் கேள்விக்கும் கூட்டி, 100-ஆல் வகுத்தால் தேர்ச்சி மதிப்பெண் வரும். நடுவர்களாகப் பாடம் எடுப்பவர்களை மட்டும் வைக்காதீர்கள். முதல் சுற்றில் நான் 90 போட்ட கேள்விக்கு, டிராயிங் ஆபீஸ் நடத்தும் ஒருவர் 60 போட்டார். தன்னிடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அந்த இடத்தில் எப்படித் திணறுகிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் என் எண்ணைக் குறைத்தேன்.

திருத்திய கேள்வியை உடனே மதிப்பெண்ணுக்குப் போடாதீர்கள். அடுத்த தேர்வில் ஐந்து கேள்வியை மதிப்பெண் இல்லாமல் கலந்து வையுங்கள். அப்படிச் சில கேள்விகள் இருக்கும் என்பதை முன்பே அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். எண் நன்றாக வந்த கேள்வி மட்டும் அடுத்த முறை கணக்கில் வரட்டும்.

கடைசியாக, ஏற்கெனவே எழுதியவர்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழுது என்று தெரிந்த கேள்வியில் இரண்டு விடையும் சரி என்றால் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்து, பழைய விடைகள் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டுங்கள். கேள்வியே செல்லாது என்றால் எல்லாருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். பழுதான கேள்வியால் தேறியவரிடம் சான்றிதழைத் திரும்பக் கேட்காதீர்கள், அது அவர் தப்பு அல்ல. தோற்றவர்களில் இப்போது கோட்டைத் தாண்டுகிறவர்களைத் தேடிப் பிடித்து, தபாலிலும் போனிலும் சொல்லுங்கள், கட்டிய மறுதேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் மையத்தில் இதற்கு ஒப்புக்கொள்ள வைக்க நான் மூன்று முறை பேச வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் மதிப்பெண் 33-லிருந்து 36 ஆனது. சான்றிதழ் அவர் கைக்குப் போனது 11 மாதம் கழித்து. தேதி மட்டும் அவர் தேர்வு எழுதிய நாளையே போடச் சொன்னேன்.