விடியலில் கிளம்பினால் மட்டும் போதாது: நாயோடு கோடை மலையேற்றம்

கோடையில் நாயோடு மலையேறுகிறவர்கள் பலர் ஏறும் நேரத்தை மட்டுமே கணக்குப் போடுகிறார்கள். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு உச்சி, வெயிலுக்கு முன்பே ஏறிவிடலாம். சரிதான். ஆனால் உச்சியில் உட்கார்ந்து, படமெடுத்து, இறங்கத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. நாய் களைத்திருக்கும், தண்ணீர் பாதி தீர்ந்திருக்கும், பாறை சுடத் தொடங்கியிருக்கும். ஆகவே கணக்கை அடிவாரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வெயில் உறைப்பதற்குள் கீழே இருக்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? அந்த நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் மட்டும், அதுவும் பேருக்குத்தான். மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கியே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த வழியும் அடைபடும். வெயிலே இல்லாத புழுக்கமான விடியலிலும் நாய் துவண்டுபோவது இதனால்தான். வாயை இறுக்கிக் கட்டும் மூடியைப் போட்டு ஏற்றவே கூடாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைக் கோடையில் மலைக்கே கூட்டிப்போக வேண்டாம் என்பேன்.

‘முடியாவிட்டால் அதுவே நின்றுவிடும்’ என்று நம்புவதுதான் பெரிய தவறு. நிற்காது. நீங்கள் நடக்கும்வரை அதுவும் வரும். வாலை ஆட்டிக்கொண்டே வரும். நீங்கள்தான் பார்க்க வேண்டும்: நாக்கு அகன்று தொங்குகிறதா, எச்சில் கெட்டியாகிறதா, ஈறு செக்கச் சிவந்திருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா? நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அறிகுறி தெரிந்ததும் நிழலுக்குக் கொண்டுபோய், கையிலிருக்கும் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு என உடம்பு நனைய ஊற்றி விசிறுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்தான், ஆனால் குளிர்விப்பது முதலில். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சற்று நேரத்தில் துண்டே சூடேறி வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கும்.

கோடை வந்ததும் மொட்டையடிப்பதும் வேண்டாத வேலை. இரட்டை அடுக்கு ரோமமுள்ள நாய்க்கு அந்த ரோமமே வெயில் தடுப்பு.

பாறையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

தண்ணீரைக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல், நிற்கும்போதெல்லாம் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தேங்கிய குட்டையில் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமியும் நச்சுப்பாசியும் அதில் இருக்கலாம். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பாடு போடுவதும் தவறு. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஆளில்லாத பாதைதானே என்று கயிற்றை அவிழ்த்துவிடுகிறவர்கள், காட்டு விலங்குகள் சுறுசுறுப்பாக நடமாடும் நேரமும் விடியல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நாய் துரத்திக்கொண்டு ஓடுவது ஒருபுறம், துரத்தப்பட்டு உங்களை நோக்கி ஓடிவருவது இன்னொருபுறம்.

வீடு திரும்பியதும் தூங்கவிடுவதற்கு முன் காதுமடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.