முதலில் மூக்கின் நிழலைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், ஜவுளிக் கடை ஒன்றின் மாடியில், பத்துக்குப் பதினாறு அடியில் ஓர் அறை. அதுதான் என் ஸ்டூடியோ. தொழில் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் நாற்காலியில் உட்காருவதற்குள், "எந்த கேமரா வாங்கலாம் அண்ணா?" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. அலமாரியைத் திறந்து கொலுச் செட்டியாரை எடுத்துக் கையில் கொடுப்பேன். நவராத்திரியில் பலசரக்குக் கடை பரப்பி உட்கார்ந்திருப்பாரே, அதே செட்டியார். வர்ணம் மங்கிப் பளபளப்புப் போய்விட்டது. மூக்கு மட்டும் இன்னும் எடுப்பாக இருக்கிறது. பாடத்துக்கு அந்த மூக்குதான் வேண்டும்.

நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பொம்மையை உங்கள் கண் மட்டத்துக்கு வையுங்கள். கைப்பேசியின் டார்ச்சை உங்கள் முகத்தை ஒட்டிப் பிடித்து அடியுங்கள். செட்டியாரின் முகம் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போலத் தட்டையாகத் தெரியும். இப்போது டார்ச்சை மெல்ல இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே கொஞ்சம் உயர்த்துங்கள். மூக்கின் நிழல் பிறந்து, சரிந்து, எதிர்ப்பக்க உதட்டோரத்தை நோக்கி இறங்கும். பக்கவாட்டில் 30 முதல் 45 டிகிரிக்குள் நிறுத்தினால் கிடைக்கும் இந்தச் சிறிய சரிவுக்கு லூப் என்று பெயர். பெரும்பாலான முகங்களுக்கு இது போதும்.

இன்னும் பக்கவாட்டில் கொண்டுபோய் உயர்த்துங்கள். மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு கலந்துவிடும். இருண்ட பக்கத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் உருவப்படங்களில் விரும்பிக் கையாண்ட வெளிச்சம் என்பதால் இதற்கு அவர் பெயர். டார்ச்சை நேர் எதிரே, தலைக்கு மேலே தூக்கினால் நிழல் மூக்கின் அடியில் சின்னப் பட்டாம்பூச்சி போல உட்காரும்; 1930களின் ஹாலிவுட் நாயகிகளின் படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். முழுக்கப் பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம் பகல், பாதி முகம் இரவு. இவ்வளவுதான். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம், எங்கே முடிகிறது என்று பார்க்கக் கண் பழகினால் போதும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: நிழல் மேலுதட்டைத் தொடக் கூடாது. ராயபுரத்தில் நான் உதவியாளாக இருந்த காலத்தில், மாஸ்டர் ஊரில் இல்லாத ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக ஒரு பெண்ணைப் படம் எடுத்தேன். விளக்கை மிகவும் உயர்த்திவிட்டேன். பிரிண்ட் வாங்கிப்போன அப்பா மறுநாள் படியேறி வந்து, "தம்பி, என் மகளுக்கு மீசை இல்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு இத்தனை ஆண்டுகளில் கிளிக் செய்யும் முன் மேலுதட்டைப் பார்க்காமல் இருந்ததே இல்லை.

நிழலின் இடம் விளக்கின் இடத்தைப் பொறுத்தது. அதன் ஓரம் கூராக இருப்பதும் மங்கலாக இருப்பதும் விளக்கின் அளவைப் பொறுத்தது. டார்ச்சுக்கு முன்னால் ஓர் அடி தள்ளி வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். இப்போது ஒளி தருவது டார்ச் அல்ல, வேட்டி. நிழலின் ஓரம் கரைந்துவிடும். (அந்த நாளில் எங்களிடம் இருந்தவை 1,000 வாட் ஹாலஜன் விளக்குகள். மாஸ்டரின் வேட்டியை விளக்குக்கு மிக அருகில் கட்டி, பொசுங்கும் வாசனை வந்த பிறகே கவனித்தேன். அது அவருடைய கல்யாண வேட்டி என்று அப்புறம் தெரிந்தது.) விளக்கில் மாட்டும் வெள்ளைக் குடைக்கும், முன்பக்கம் வெள்ளைத் துணி மூடிய பெட்டியான சாஃப்ட் பாக்ஸுக்கும் இதே கணக்குத்தான். ஒளி தரும் பரப்பு முகத்துக்கு எந்த அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு மென்மை. மூன்றடியில் மென்மையாக இருக்கும் அதே குடையைப் பத்தடிக்குத் தள்ளினால் கூராகிவிடும். மென்மை வேண்டும் என்று விளக்கைப் பின்னால் இழுப்பவர்கள் நேர் எதிரான வேலையைச் செய்கிறார்கள்.

தூரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. கேட்க இயற்பியல் பாடம் போலத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போலச் சின்ன அறையில் தொழில் செய்பவனுக்கு இது சோறு போடும் கணக்கு. என்னிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளைச் சுவர். விளக்கு முகத்துக்கு மூன்றடியில், சுவர் முகத்துக்கு ஆறடி பின்னால் என்று வைத்தால், சுவர் விளக்கிலிருந்து ஒன்பதடியில் இருக்கிறது. முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் அதற்குப் போய்ச் சேரும். வெள்ளைச் சுவர் படத்தில் அடர்ந்த சாம்பலாகிவிடும். ஆளைச் சுவர் பக்கம் நகர்த்தி, விளக்கைப் பின்னுக்கு இழுத்தால் அதே சுவர் வெளுக்கும். குடும்பப் படத்திலும் இதுவே: விளக்கு கிட்டே இருந்தால் ஓரத்து மாமா வெந்துபோவார், மறுகோடி அத்தை இருட்டில் நிற்பார். பின்னுக்கு இழுங்கள்.

ஃபிளாஷ் என்றால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/125 நொடி, அப்பெர்ச்சர் (லென்ஸின் துவாரம்; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) எஃப்/8 என்று தொடங்குங்கள். ஃபிளாஷின் அளவை ஷட்டர் கூட்டாது, குறைக்காது; அப்பெர்ச்சரும் ஃபிளாஷின் சக்தியும்தான் அதைப் பார்த்துக்கொள்ளும். ஷட்டரை 1/250க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். பழுது என்று பயந்து சர்வீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபிளாஷ் வாங்கப் பணம் இல்லையென்றால் ஜன்னல் இருக்கிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, அதனால் உருவப்படத்துக்கு அதுவே சிறந்தது என்று புத்தகங்கள் சொல்லும். அவை ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நமக்கு உச்சி வெயிலே வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் என் வடக்கு ஜன்னலில் வெயில் சுள்ளென்று உள்ளே வருகிறது. டிரேசிங் பேப்பர் ஒட்டித்தான் சமாளிக்கிறேன். இன்னொன்று, சுவரின் நிறம். நம் பக்கத்து வீடுகளில் பலருக்கும் பிடித்த அந்தக் கடல்பச்சைச் சுண்ணாம்பு கண்ணுக்குக் குளிர்ச்சி. படத்தில் கன்னத்தில் பாசி படர்ந்தது போல இருக்கும். எம்.சி. ரோட்டில் கறுப்புத் துணி எடுத்து அந்தப் பக்கச் சுவரை மறைத்துவிடுங்கள். நிழல் பக்கம் கொஞ்சம் தெளிய வேண்டுமென்றால் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை அங்கே நிறுத்துங்கள்.

இனி மாநிறமும் கறுப்பும். வெளுப்பாக எடுங்கள் என்று கேட்காத ஆள் குறைவு. அதற்காகவே முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வருவார்கள். ஃபிளாஷில் அது சாம்பல் பூசியது போலத் தெரியும்; கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு, வியர்வையை மட்டும் காகிதத்தால் ஒற்றி எடுப்பேன். வெளுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது நிழல். கறுத்த தோலில் அந்த வேலையை ஒளியின் மினுமினுப்பு செய்கிறது. காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். வெயிலும் உப்பும் ஏறிய முகம். பெரிய சாஃப்ட் பாக்ஸைப் பக்கவாட்டில் கிட்டே கொண்டுவந்தேன். நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளிக் கோடு ஓடியது. அந்தக் கோட்டைத் துடைத்து அழித்திருந்தால் முகமே போயிருக்கும். ஜன்னல் ஒளியில் எடுக்கும்போது கேமராவின் தானியங்கி அளவை அப்படியே நம்பாதீர்கள். படம் நிறையக் கறுத்த முகம் இருந்தால் அது தானாகவே வெளுக்கப் பார்க்கும். அரை ஸ்டாப்புக்குக் குறையாமல் கீழே இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதி).

உட்கார வைப்பதற்கு வருவோம். முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூல்தான் நல்லது. நாற்காலி கொடுத்தால் ஆள் சரிந்துவிடுவார். உடம்பை நேராக வைக்காமல் கொஞ்சம் திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவாருங்கள். "தாடையை இறக்குங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கழுத்து மடிந்து இரட்டைத் தாடை வரும். "நெற்றியை என் பக்கம் நீட்டுங்கள்" என்பேன். ஆமை தலை நீட்டுவது போலிருக்கிறதே என்று அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தாடைக் கோடு தெளிந்துவிடும், அந்தச் சிரிப்பும் நமக்கு லாபம். அகன்ற முகமா? முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து விளக்கை அடியுங்கள். கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கன்னம் நிழலுக்குள் போய், முகம் ஒடுங்கித் தெரியும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கு உயரம் அதிகம்.

கையை என்ன செய்வது என்பது எல்லாருக்கும் வரும் தவிப்பு. அன்றாடம் அந்தக் கை எதைப் பிடிக்கிறதோ அதையே கொடுங்கள். ஆயாவுக்கு வெற்றிலைப் பெட்டி. கேரம் ஆடும் பெண்ணுக்கு ஸ்ட்ரைக்கர். விரல்கள் தாமாகவே இடம் தேடிக்கொள்ளும். ஆறடிக்குக் குறையாமல் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே போனால் மூக்குப் பெரிதாகிக் காது சிறுத்துவிடும். அது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் குற்றம். கண்ணாடி அணிந்தவர் என்றால் அதன் காம்புகளைக் காதுக்கு மேலே அரை விரலளவு தூக்கிவிடுங்கள். பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும்.

பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மட்டும் இந்தப் பாடம் அப்படியே தலைகீழ். 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, இரண்டு பக்கமும் சம அளவு விளக்கு. மூக்குக்கு நிழலே கூடாது. அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்வேன். அவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒரு விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு படம் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்வேன். அதற்குக் காசு கிடையாது. வீட்டில் ஒருவர் தவறிப்போனால் பெரிதாக்கிச் சட்டம் போடப் பெரும்பாலும் கொண்டுவருவது அந்தத் தட்டையான பாஸ்போர்ட் படத்தைத்தான். அப்படிக் கேட்டு வந்தவர்களுக்கு இந்த இரண்டாவது படத்தைச் சிலமுறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கற்றுக்கொள்பவனுக்கும் இது நல்ல பழக்கம். நாளொன்றுக்குப் பத்து முகம் கிடைக்கும்.

கடைசியாகப் பூஜடைப் படம். மஞ்சள் நீராட்டுக்கு ஜடை தைத்த பெண்ணை ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, முகமும் பின்னலும் சேர்ந்து தெரிய எடுக்கும் அந்தப் பழைய படம் இப்போது மறுபடியும் கேட்கப்படுகிறது. எனக்குப் பிடித்த வேலை, மிகவும் படுத்தும் வேலையும் அதுதான். கண்ணாடியைப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கமாகத் தள்ளி, சற்றே திருப்பி வையுங்கள். நேராக வைத்தால் அதில் நாம்தான் தெரிவோம். நீங்கள் கேமராவில் கண் வைத்தபடியே உதவியாளரிடம் கண்ணாடியைத் திருப்பச் சொல்லுங்கள். ஜடை முழுவதும் உள்ளே வந்ததும் அதன் கால்களைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். முகத்துக்கு லூப் வெளிச்சம் போதும். ஜடைக்குத் தனி விளக்கு வேண்டும். முகத்து விளக்கு முதுகுக்கு வராது. இரண்டாவது விளக்கைப் பெண்ணின் முதுகுப் பக்கம், பக்கவாட்டில் வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்த விளக்கு கண்ணாடியில் தெரிந்தால் படத்திலும் தெரியும். தெரியாத வரைக்கும் நகர்த்துங்கள். மல்லிகை வெள்ளை, கூந்தல் கறுப்பு. பூவுக்கு அளவு வைத்தால் கூந்தல் தானாக அமைந்துவிடும். கூந்தலுக்கு வைத்தால் பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

ஃபோகஸில் பலர் தவறுவது இங்கேதான். கண்ணாடிக்குள் தெரியும் ஜடை, கண்ணாடியின் மேல் இல்லை. பெண் எட்டடியில், கண்ணாடி பதினோரடியில், கண்ணாடியிலிருந்து ஜடை மூன்றடியில் என்றால், கேமராவுக்கு அந்த ஜடை பதினான்கு அடி தூரத்தில் இருக்கிறது. எஃப்/8இல் முகம் தெளிந்து ஜடை மங்கிவிடும். 35 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு, எஃப்/16க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 400 ஆக்கி, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மூக்கின் நிழலைப் பாருங்கள், மேலுதட்டைப் பாருங்கள். பிறகு கண்ணாடியின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் முழங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. ஒரு பிரிண்ட் இன்னும் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.