இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். கீழே இருக்கும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுத வைக்கிறோம். சரி, தவறு போட்டுவிட்டு அடுத்த தாளை நீட்டுகிறோம். வீட்டிலும் வகுப்பிலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி என்று நடப்பது பெரும்பாலும் இதுதான். இது பயிற்சி இல்லை, தேர்வு. புரிந்துகொள்வது எப்படி என்று இதில் யாரும் பிள்ளைக்குக் காட்டுவதே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தான் கொடுக்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இந்த ஒரு குழப்பத்திலிருந்து வருபவை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறு பத்தியை வைத்துக்கொள்வோம்.

மாலையில் மழை பெய்தது. கவின் கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அவிழ்த்தான். அதைத் திண்ணைக்குக் கூட்டி வந்தான். குட்டியின் உடம்பு நடுங்கியது. பாட்டி பழைய சாக்கு ஒன்றை எடுத்து வந்தார். கவின் குட்டியைச் சாக்கால் போர்த்தினான். சிறிது நேரத்தில் குட்டி தூங்கிவிட்டது.

ஏழு வாக்கியம், 29 சொல். இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் இந்த அளவு போதும். ஆண்டு முடிவில் 50, 60 சொல் வரை போகலாம்.

சரியான பதில் வந்தால் புரிந்துவிட்டது என்று நினைப்பது

"துமரியில் மிளவன் கெத்தினான்." இந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது. ஆனாலும் "மிளவன் எங்கே கெத்தினான்?" என்று கேட்டால், "துமரியில்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். 'எங்கே' என்று கேட்டால் 'இல்' என்று முடியும் சொல்லை எடு, 'யார்' என்று கேட்டால் வாக்கியத்தில் இருக்கும் ஆளின் பெயரை எடு. இந்தக் குறுக்குவழியைப் பிள்ளைகள் மிகச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். "முதலில் கேள்வியைப் படி, அந்தச் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு" என்று நாமே சொல்லியும் கொடுக்கிறோம். மதிப்பெண் வரும், புரிதல் வராது. நான்காம் வகுப்பில் அறிவியல் பாடத்தை வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டிய நாளில் பிள்ளை தடுமாறி நிற்கும்.

ஆகவே கேள்விகள் மூன்று விதமாக இருக்கட்டும். முதலாவது, பத்தியில் நேராகக் கிடைப்பது: கவின் குட்டியை எங்கே கூட்டி வந்தான்? இரண்டாவது, வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது: பாட்டி கொண்டுவந்த சாக்கு எதற்குப் பயன்பட்டது? மூன்றாவது, பத்தியில் எழுதப்படாமலே நமக்குத் தெரிவது: குட்டியின் உடம்பு ஏன் நடுங்கியது?

இந்த மூன்றாவது கேள்விதான் பிள்ளையின் மனதில் படம் ஓடுகிறதா என்பதைக் காட்டும். 'குளிர்' என்ற சொல்லே பத்தியில் இல்லை. மழை, திறந்த கொல்லை, நடுக்கம் எல்லாவற்றையும் பிள்ளை தானே கோக்க வேண்டும். ஒரு பிள்ளை, "இடி இடிச்சிருக்கும், அதான் பயந்துடுச்சு" என்று சொன்னால் உடனே தவறு போடாதீர்கள். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். பிறகு, "சாக்கைப் போர்த்தியதும் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். போர்த்தியதும் தூங்கியது என்றால் நடுக்கத்துக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று பிள்ளை பத்திக்குள் திரும்பிப் போய்ப் பார்க்கும். அப்படித் திரும்பிப் போய்ப் பார்ப்பதைத்தான் நாம் பழக்க வேண்டும். ஐந்து கேள்வி கேட்டால் அதில் குறைந்தது இரண்டு கேள்வி 'ஏன்', 'எப்படித் தெரியும்' வகையில் இருக்கட்டும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும்.

வாக்கியத்துக்குள் நின்று காட்டாமல் விடுவது

"அதைத் திண்ணைக்குக் கூட்டி வந்தான்." வந்தது யார்? வாக்கியத்தில் பெயரே இல்லை. 'ஆன்' என்ற விகுதிதான் ஆளைச் சொல்கிறது. 'அதை' என்பது எதை? அதற்கு முந்தைய வாக்கியத்துக்குப் போக வேண்டும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு என்பதால் பெரியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கோ இங்கேதான் கதையின் இழை அறுந்து போகிறது. அந்தச் சொல்லில் விரலை வைத்து நிறுத்துங்கள். "வந்தான்னா யாரு? அதைன்னா எதை?" என்று கேளுங்கள். ஒரு பத்திக்கு இரண்டு இடத்தில் இப்படி நின்றால் போதும். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

"பாட்டி எடுத்து வந்தார்" என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வீட்டில் பாட்டி 'வந்தாங்க' என்றுதான் பிள்ளை கேட்டிருக்கும். 'வந்தாரு' என்பது பேச்சில் பெரும்பாலும் ஆணைக் குறிக்கும். அதனால் 'வந்தார்' என்று முடிவதைப் பார்த்துத் தாத்தாதான் வந்தார் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அது கவனக்குறைவு இல்லை. எழுத்துத் தமிழில் மரியாதைக்கு ஆண், பெண் இருவருக்கும் 'ஆர்' வரும் என்று ஒருமுறை சொல்லிக்காட்டினால் தீர்ந்துவிடும்.

பேச்சுத் தமிழைத் தடுப்பது

இது நம் மொழிக்கே உரிய சிக்கல். இதைக் கவனிக்காமல் எத்தனை தாள் கொடுத்தாலும் பயன் குறைவுதான். 'அவிழ்த்தான்' என்பதை ழகரம் பிசகாமல் வாசித்துவிடும் பிள்ளைக்கு, தான் தினமும் சொல்லும் 'அவுத்தான்' அதுதான் என்று தெரியாமல் இருக்கலாம். 'போர்த்தினான்' என்பது 'போத்தினான்', 'சாக்கால்' என்பது 'சாக்கை வச்சு'. இந்தப் பாலத்தை யாராவது போட்டுக்கொடுத்தால்தான் ஒலி பொருளாக மாறும்.

வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, உன் பாஷையில சொல்லு" என்று கேளுங்கள். "மழை பேஞ்சுச்சு, ஆட்டுக்குட்டிய அவுத்து திண்ணைக்கு இட்டாந்தான்" என்று பிள்ளை சொன்னால் அது முழுமையான, சரியான பதில். அந்த நேரத்தில், "அப்படிச் சொல்லக்கூடாது, 'பெய்தது' என்று சொல்" என்று திருத்தினால் பிள்ளையின் கவனம் கதையிலிருந்து இலக்கணத்துக்குத் தாவிவிடும். அடுத்த முறை தன் வார்த்தையில் சொல்லவே தயங்கி, பத்தியின் வரியை அப்படியே ஒப்பிக்கும். எழுத்துநடையை எழுதும் நேரத்தில் பழக்கலாம். புரிந்ததா என்று பார்க்கும் நேரத்தில் வேண்டாம்.

கடினமான பத்தியைக் கொடுப்பது

அளவுகோல் எளிது. பிள்ளை முதல்முறை வாசிக்கும்போது பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுமாறினால் அந்தப் பத்தி இன்றைக்கு வேண்டாம். நம் 29 சொல் பத்தியில் மூன்று தடுமாற்றம் வரை பரவாயில்லை. ஐந்து என்றால் எடுத்து வைத்துவிடுங்கள். எழுத்தைக் கூட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவாகிவிட்டால், வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்து போயிருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுப்பதும் இதற்காகத்தான். வீட்டில் வாசிக்கும்போதும் பிள்ளை இருக்கும் நிலையைத்தான் பார்க்க வேண்டும், புத்தக அட்டையில் போட்டிருக்கும் வகுப்பை அல்ல.

தடுமாற்றம் எங்கே வருகிறது என்று பார்த்தால் அதற்கான மருந்தும் கிடைக்கும். 'போர்த்தினான்' என்ற சொல்லில் துணைக்காலும் அதற்கு அடுத்து வரும் 'ர்' எழுத்தும் ஏறக்குறைய ஒரே உருவம். பிள்ளை அங்கே திணறுவது இயல்பு. 'ஆட்டுக்குட்டியை' போன்ற நீண்ட சொல்லை ஆட்டு, குட்டியை என்று பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். பிறகு சேர்த்து வாசிக்கட்டும். அதே பத்தியை இரண்டாவது, மூன்றாவது முறை வாசிக்கும்போது கூட்டும் வேலை குறைந்து, பொருளைப் பிடிக்க மனதில் இடம் கிடைக்கும். எனவே முதல் வாசிப்பு முடிந்தவுடன் கேள்வி கேட்காதீர்கள்.

கடிகாரத்தை வைத்து விரட்டுவது

2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுன் பாரத் திட்டத்தில் இரண்டாம் வகுப்பு முடிவுக்கான இலக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஓட்டும் பெற்றோர் உண்டு. 'கட்டியிருந்த' என்ற ஒரே சொல்லுக்குள் தமிழ் எவ்வளவு பொருளை அடைத்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். வேறு மொழிகளில் அது இரண்டு மூன்று சொல்லாகப் பிரிந்து நிற்கும். சொல் எண்ணிக்கையை வைத்து மட்டும் தமிழ் வாசிப்பை அளப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தங்குதடையில்லாமல், முற்றுப்புள்ளியில் நின்று, பேசுவது போன்ற ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறதா என்று கேளுங்கள். முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடும் பிள்ளைக்கு வேகம் இருந்தும் பொருள் பிடிபடவில்லை என்றே கொள்ளலாம்.

ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கே பாய்வது

பொருளைக் கெடுக்கும் பிழை வேறு, கெடுக்காத பிழை வேறு. 'கொல்லை' என்பதைக் 'கொள்ளை' என்று உச்சரித்தாலும், குட்டி வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் வாசிப்பை நிறுத்தத் தேவையில்லை. லகர ளகர ஒலியை வேறொரு நேரத்தில் பழக்கலாம். 'போர்த்தினான்' என்பதைப் 'போட்டான்' என்று ஊகித்து வாசித்தால் நிறுத்த வேண்டும். அதுவும் உடனே அல்ல. வாக்கியம் முடியும் வரை பொறுத்திருங்கள். பல நேரம் பிள்ளையே திரும்பி வந்து திருத்திக்கொள்ளும். ஒரு சொல்லில் சிக்கி நின்றால் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு அதன் பிறகு உதவுங்கள். நாம் சொல்லிவிடுவோம் என்று தெரிந்தால் பிள்ளை முயல்வதை விட்டுவிடும்.

அருஞ்சொல் பட்டியல், படம், எழுத்துவேலை

பத்தியைத் தொடங்கும் முன் பத்துச் சொல்லுக்குப் பொருள் எழுத வைப்பது வீண். பொருள் தெரியாவிட்டால் கதையே விளங்காது என்னும் சொல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு நம் பத்தியில் அவை 'திண்ணை', 'கொல்லை'. திண்ணையைப் படத்தில் காட்டி, "கூரை இருக்கும், நனையாது" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நனையாது என்று தெரியாவிட்டால் கவின் ஏன் அங்கே கூட்டி வந்தான் என்பதே புரியாது.

பக்கத்தில் படம் இருந்தால் பிள்ளை அதைப் பார்த்தே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். படத்தைத் தாளால் மறைத்து வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு திறந்துகாட்டி, "நீ நினைச்ச மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள்.

எல்லாப் பதிலையும் முழு வாக்கியத்தில் எழுதச் சொல்வது இந்த வயதில் கைக்குப் பெரிய சுமை. எழுதச் சோம்பி, தெரிந்த பதிலையே ஒரு சொல்லில் முடித்துவிடும். நாமோ புரியவில்லை என்று முடிவு கட்டுவோம். நான்கு கேள்விக்கு வாயால் பதில், ஒன்றுக்கு மட்டும் எழுத்தில் பதில். அது போதும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், ஒரே ஒரு பத்தி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ஆறு தாள் முடிப்பதால் அலுப்புதான் மிஞ்சும்.

சிக்கல் எங்கே என்று பார்க்காமல் தாளை மட்டும் கூட்டுவது

இத்தனை செய்தும் பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே அளவுள்ள புதிய பத்தி ஒன்றை நீங்கள் நிதானமாக வாசித்துக்காட்டி, அதே விதமான கேள்விகளைக் கேளுங்கள். காதால் கேட்டதும் பளிச்சென்று பதில் சொல்கிறதா? அப்படியானால் புரிதலில் குறை இல்லை, எழுத்தை அடையாளம் காண்பதில்தான் வேலை இருக்கிறது. உயிர்மெய் வரிசையில் எந்தக் குறி தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குறி அடிக்கடி வரும் சிறு சொற்களைப் பத்து நாள் வாசிக்கக் கொடுங்கள்.

காதால் கேட்டும் சொல்லத் தெரியவில்லை என்றால் அது வேறு கதை. எழுத்துத் தமிழே அந்தக் காதுக்குப் பழகவில்லை என்று பொருள். கேள்வித்தாள்களைச் சில வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, தினமும் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தை நீங்களே வாசித்துக்காட்டிப் பேசுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். பதிலை வீட்டு மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. கேட்டால் நன்றாகப் புரிகிறது, எழுத்துகளும் தனித்தனியே தெரிகின்றன, ஆனால் பத்தியாக வந்தால் வரி தாவுகிறது, புத்தகத்தை முகத்துக்கு மிக அருகே பிடிக்கிறது, சிறிது நேரத்தில் கண்ணைக் கசக்குகிறது. இந்தப் பிள்ளையை அடுத்த பத்திக்கு உட்கார வைப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.