ஓடுகிற பெண்பிள்ளை வாடும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு போட்டியில், இளம் கோச் ஒருவர் 15 வயதுப் பெண்ணை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "வெயிட் போட்டுட்டே, அதான் கடைசி 200 மீட்டர்ல கால் இழுக்குது" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பத்து வருடத்துக்கு முன் நானும் ஒரு பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். கை ஓங்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடையைக் குறைக்கச் சொல்வது

என்னிடம் 800 மீட்டர் ஓடிய பெண் அவள். வயது 16. "ரெண்டு கிலோ குறைச்சா ரெண்டு செகண்ட் குறையும்" என்றேன். முதலில் காலை இட்லியை விட்டாள், அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை. ஒரு மாதம் நேரம் குறைந்தது, எனக்கும் சந்தோஷம். மூன்றாம் மாதம் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள், வார்ம்-அப்பிலேயே அழுதாள், தோழிகளோடு உட்காருவதை நிறுத்தினாள். 'திமிர்' என்று முடிவு கட்டினேன்.

அவள் அம்மா தயங்கித் தயங்கி, "நாலு மாசமா பீரியட்ஸ் வரல மேடம்" என்றார். "இவ்வளவு ஓடினா அப்படித்தாங்க்கா இருக்கும்" என்று அனுப்பிவைத்தேன். இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அடுத்த மாதமே கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரிசல். அவள் பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை.

சாப்பாடு பயிற்சிக்கே போதாதபோது உடம்பு மாதவிடாயை நிறுத்திச் சக்தியை மிச்சம் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைய, எலும்பு பலம் இழக்கும். தூக்கம் கெடும், எரிச்சலும் அழுகையும் வரும். 2014-லேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு 'ரெட்-எஸ்' (RED-S, விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. நான் திமிர் என்று நினைத்தது பசி.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லையா? மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச் சத்து குறைந்தாலும் இப்படித்தான் சோர்ந்துபோவார்கள். எடையைப் பற்றிப் பேசுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். முகம் வாடி வந்தால், "காலையில என்ன சாப்பிட்டே?" என்று தனியாகக் கேட்கிறேன்.

தோற்ற கையோடு கணக்குக் கேட்பது

அப்பாமார்களே, பைக்கில் வீடு திரும்பும்போது வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கட்டும். அவளே பேச்செடுப்பாள்.

"லீவு விட்டா பின்தங்கிடுவா"

2021 டோக்கியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப்போட்டியில், மனநிலை சரியில்லை என்று அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் பாதியில் விலகினார். பிறகு நீண்ட ஓய்வு. 2024 பாரிஸில் மூன்று தங்கம். நம் பிள்ளைக்கு மாவட்டப் போட்டி ஒன்று போனால் போகட்டும்.

அவள் சொன்னதை மற்றவர்களிடம் சொல்வது

அதோடு அவள் வாயை மூடிக்கொள்வாள்.

மனநல மருத்துவரைக் கடைசிக்குத் தள்ளுவது

"நாளைக்குக் கல்யாணம் பண்ணணும், வெளியில தெரிஞ்சா?" என்று கேட்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு மறுநாளே ஸ்கேன் எடுப்பவர்கள்தான் அவர்களும். முதலில் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச சேவை. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாலும், போட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.