பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்கு நேரம் குறிப்பது எப்படி? (விண்டோஸ் 11)

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனிடம் "போதும், அணைச்சிரு" என்று தினமும் சாயங்காலம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக அந்தச் சண்டை இல்லை. நேரம் முடிந்தது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அதற்குச் செய்த வேலைகளை எழுதுகிறேன்.

முதலில் கம்ப்யூட்டரை அறைக்குள்ளிருந்து பட்டாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஆச்சி பூத்தொடுத்துக்கொண்டே பார்க்கிற இடமாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பெரியவர்கள் நாற்காலியில் பிள்ளைக்குக் கால் தொங்கும்; கீழே ஒரு மணைப்பலகையைப் போடுங்கள்.

அடுத்தது நேரம். 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரம், 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி. டிவி, மொபைல் எல்லாம் இதில் அடக்கம் என்பதால் கம்ப்யூட்டருக்கு 45 நிமிடம் மட்டும் ஒதுக்கினோம், அதுவும் இருட்டிய பிறகு. பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடி விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காக்க உதவும். அதனால் வெளிச்சம் இருக்கும்வரை பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம்தான்.

சரி, இனி விண்டோஸ். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி என்று போய்ப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். பிறகு உங்கள் மொபைலில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி செயலியைப் போட்டு, ஸ்கிரீன் டைமில் எத்தனை நிமிடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் என்று குறியுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அப்புறம்தான். மூன்று நாள் கழித்துச் செயலியில் அறிக்கையைத் திறந்தால் பயன்பாடு பூஜ்யம். அவனோ தினமும் உட்கார்ந்திருக்கிறான்! பழைய லோக்கல் கணக்கு (அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருப்பது) ஒன்று அப்படியே கிடந்தது, அதில்தான் நுழைந்திருக்கிறான். நாம் குறிக்கும் நேரம் ஃபேமிலியில் சேர்த்த கணக்கை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஆகவே பழைய கணக்கை நீக்கியே ஆகவேண்டும். நீக்கினால் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும், எனவே பிள்ளை வரைந்த படங்களை முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். புதுக் கணக்கு எல்லாவற்றையும் மாற்ற முடிகிற அட்மினிஸ்ட்ரேட்டராக இல்லாமல், சாதாரண ஸ்டாண்டர்ட் யூசராக இருக்கிறதா என்றும் பாருங்கள். கையோடு உங்கள் பின் எண்ணையும் மாற்றிவிடுங்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு நாம் தட்டுகிற நாலு எண் மனப்பாடம் ஆக எத்தனை நாள் ஆகும்?

அதே செயலியில் பிள்ளைக்கு ஆகாத தளங்களைத் தடுக்கும் வலைத்தள வடிகட்டியைப் போட்டால் எட்ஜ் உலாவி மட்டும் வேலை செய்யும், குரோம் திறக்காது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள், அதன் அமைப்பே அப்படித்தான்.

நேரம் முடியப்போகும்போது திரையில் அறிவிப்பு வரும். பிள்ளை கூடுதல் நேரம் கேட்டால் உங்கள் மொபைலுக்கு வந்து நிற்கும். வரைகிற படம் பாதியில் நின்றால் மட்டும் கொடுப்பேன், வீடியோவுக்குக் கிடையாது.

உள்ளே என்ன இருக்கவேண்டும் என்று கேட்டால், படம் வரைய டக்ஸ் பெயிண்ட், விளையாடிக்கொண்டே படிக்க ஜிகாம்ப்ரி, இரண்டும் போதும் என்பேன். இரண்டுமே இலவசம், விளம்பரம் இல்லை, போட்டுவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அடுத்த வீடியோ தானாக ஓடுகிற தொல்லையும் இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி 20 அடி தள்ளிப் பார்க்கவேண்டும் என்பார்களே, அதற்கு அவனுக்கு வாசல் வேப்பமரத்துத் தெருவிளக்கைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: "எங்க வீட்டுல கம்ப்யூட்டர் எங்க இருக்கு, எல்லாம் என் போன்தான்" என்றார் அம்பாசமுத்திரத்து மதினி. போனுக்கு நேரம் குறிக்கும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி பிள்ளைக்கென்று தனிப் போன் இருந்தால்தான் சரிப்படும். அம்மாவின் ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் 'ஆப் பின்னிங்' என்று தேடி இயக்குங்கள்; வெளியேற பின் எண் கேட்கும்படியும் வையுங்கள். பிறகு ஒரு செயலியைத் திறந்து, அதைப் பின் செய்து கொடுத்தால் அதை விட்டு வேறெங்கும் போகமுடியாது. நேரத்தை மட்டும் அது பார்த்துக்கொள்ளாது. மதினி அடுப்படியில் ஒரு அலாரக் கடிகாரம் வைத்திருக்கிறார்.